வீட்டுக்குள் உடற்பயிற்சி, கைப்பேசியில் ஆசிரியர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வீட்டிலேயே உடற்பயிற்சி செய்வதற்கு எந்தச் செயலியைத் தேர்ந்தெடுக்கலாம் என்று கேட்டு வந்த கடிதங்களில் ஆறு கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன். முதல் பதில் சற்று நீளமானது. மற்றக் கடிதங்களை எழுதியவர்களும் அதைப் படித்துவிட்டுத் தங்கள் பதிலுக்கு வருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: எனக்கு வயது 43. அரசுப் பள்ளியில் ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். சர்க்கரை நோயின் எல்லையில் இருப்பதாகவும், தினமும் உடற்பயிற்சி செய்தே ஆக வேண்டும் என்றும் மருத்துவர் சொல்லிவிட்டார். எங்கள் ஊரில் பெண்கள் கூச்சமில்லாமல் போகக்கூடிய உடற்பயிற்சிக் கூடம் இல்லை. காலையில் சமையலும் பேருந்தும் சரியாக இருக்கும். மாலையில் அரை மணி நேரம் கிடைக்கும். ப்ளே ஸ்டோரில் தேடினால் நூற்றுக்கணக்கில் வருகின்றன, எல்லாவற்றுக்கும் நாலரை நட்சத்திரம். எதை நம்பி இறக்குவது?
(ஆசிரியை, திருவண்ணாமலை மாவட்டம்)

பதில்: நட்சத்திரத்தை வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டாம். பல செயலிகள் முதல் சில நாட்களின் உற்சாகத்திலேயே மதிப்பெண் கேட்டு வாங்கிவிடுகின்றன. இரண்டு மாதம் கழித்து மூட்டு வலியோடு நிறுத்தியவர் திரும்பி வந்து அந்த நட்சத்திரத்தைக் குறைப்பது அரிது. எனவே இரண்டு, மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்கள் அண்மையில் எழுதியிருப்பவற்றை மட்டும் படியுங்கள். நடுவில் வந்து விழும் விளம்பரங்கள், சொல்லாமல் பிடிக்கப்பட்ட பணம், பாதியில் நின்றுபோகும் காணொளி ஆகியவை அங்கேதான் தெரியவரும்.

அதற்கும் முன்னால், செயலியிடம் உங்களுக்கு என்ன வேலை என்று தீர்மானித்துக்கொள்ள வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பும், அதோடு வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் தேவை. உங்கள் மாலை அரை மணி நேரம் ஐந்து நாள் கிடைத்தாலே 150 நிமிடம் ஆகிவிடுகிறது. இதில் வேக நடைக்குச் செயலி எதற்கு? மொட்டை மாடியோ தெருவோ போதும். உங்களுக்குத் துணை தேவைப்படுவது தசைப் பயிற்சிக்குத்தான். நாம் உண்ட உணவிலிருந்து இரத்தத்தில் சேரும் சர்க்கரையைப் பெருமளவில் உள்ளிழுத்துக்கொள்வது தசைகளே என்பதால், தொடை, இடுப்பு, முதுகு ஆகிய பெரிய தசைகளுக்கு வேலை கொடுக்கும் செயலிதான் உங்கள் நிலையில் இருப்பவருக்குப் பயன்படும். அடிகளை எண்ணுவதை மட்டும் செய்வதும், வயிற்றுப் பயிற்சியை மட்டும் திரும்பத் திரும்பக் கொடுப்பதும் உங்களுக்கு உதவாது. வயிற்றுக்கென்று பயிற்சி செய்தால் வயிற்றுக் கொழுப்பு மட்டும் தனியே கரையும் என்பது உண்மையல்ல. முப்பது நாளில் தட்டையான வயிறு என்று முகப்பிலேயே எழுதியிருக்கும் செயலியை அப்போதே ஒதுக்கிவிடலாம்.

இனி, பணம் எதுவும் கட்டாமல் மூன்று மாலை நேரங்களைச் சோதனைக்கு ஒதுக்குங்கள்.

முதல் மாலை, அந்தச் செயலி உங்களிடம் என்ன கேட்கிறது என்று கவனியுங்கள். நல்ல பயிற்சி ஆசிரியர் முழங்கால் எப்படி இருக்கிறது, இடுப்பு வலி உண்டா, இரத்த அழுத்தம் உண்டா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று விசாரித்த பிறகே பாயை விரிக்கச் சொல்வார். செயலியும் அப்படிக் கேட்க வேண்டும். எத்தனை வாரத்தில் எத்தனை கிலோ குறைய வேண்டும் என்பதை மட்டும் கேட்டுவிட்டு, அடுத்த திரையிலேயே சந்தாத் தொகையைக் காட்டும் செயலிக்கு உங்கள் உடலைப் பற்றிக் கவலை இல்லை. இன்னொன்றையும் பாருங்கள். உயரத்தையும் எடையையும் வாங்கிக்கொண்டு பி.எம்.ஐ. கணக்குச் சொல்லும் செயலிகள் பல, 25க்குக் கீழே இருந்தால் இயல்பு என்று பச்சை நிறத்தில் காட்டும். இந்தியர்களுக்கு 23இலிருந்தே அதிக எடை, 25இலிருந்து உடல்பருமன் என்பதே நம் நாட்டு மருத்துவர்கள் பின்பற்றும் அளவு. அந்தப் பச்சையைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். தையல் நாடாவை எடுத்து இடுப்பைச் சுற்றி அளந்துகொள்ளுங்கள். பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. என்பது தாண்டக் கூடாத எல்லை.

இரண்டாம் மாலை, ஒரே ஒரு பயிற்சியை எடுத்து, அதை அது எப்படிக் கற்றுக்கொடுக்கிறது என்று பாருங்கள். ஸ்குவாட் எல்லாச் செயலிகளிலும் இருக்கும். பிள்ளையாருக்குப் போடும் தோப்புக்கரணத்துக்கு உறவுதான் அது, ஆனால் கால்களைத் தோள் அகலத்துக்கு விரித்து, பின்னால் ஒரு முக்காலி இருப்பதுபோல் இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி இறங்க வேண்டும். குதிகால் தரையை விட்டு எழக் கூடாது. முழங்கால்கள் இரண்டும் உள்பக்கமாகச் சாயாமல், கால் விரல்கள் காட்டும் திசையிலேயே போக வேண்டும். முன்பக்கத்திலிருந்து மட்டும் படம் காட்டினால் இடுப்பு எவ்வளவு பின்னால் போகிறது என்பது உங்களுக்குத் தெரியாது. பக்கவாட்டிலிருந்தும் காட்டும் செயலியே கற்றுக்கொடுக்கிறது என்று சொல்லலாம். முழுவதும் இறங்க முடியாதவர் நாற்காலியில் உட்கார்ந்து எழலாம் என்று எளிய வடிவத்தையும் அது காட்டினால் இன்னும் நல்லது. எந்தப் பயிற்சிக்கும் இளைத்தவருக்கு ஒரு படி, வலுத்தவருக்கு ஒரு படி இல்லாத செயலியில் மூன்றாம் வாரம் உங்களால் தொடர முடியாது.

இதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம், செயலிக்கு உங்களைப் பார்க்கும் கண் இல்லை. கேமரா வழியாக அசைவைக் கவனித்து எண்ணிக்கை சொல்லும் செயலிகளும் வந்துவிட்டன; ஆனால் உங்கள் முழங்காலில் சுருக்கென்று வந்த வலி அவற்றுக்கும் தெரியப்போவதில்லை. ஆகவே பார்க்காமலேயே பாதுகாப்பாகச் சொல்லித்தரத் தெரிந்த செயலிதான் தேவை. குரல் வழிகாட்டுதல் இங்கே மிகவும் முக்கியம். கைப்பேசியைத் தரையில் கிடத்திவிட்டோ, தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்துவிட்டோ பிளாங்க் (முன்கைகளையும் கால் விரல்களையும் தரையில் ஊன்றி, உடலைப் பலகைபோல் நேராக நிறுத்திப் பிடிப்பது) செய்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நேரம் எவ்வளவு மீதி என்று பார்க்க ஐந்து நொடிக்கு ஒரு முறை கழுத்தைத் தூக்குவார்கள். அப்போது முதுகு குழிந்து, இடுப்பு தொங்கி, மறுநாள் பிடரியைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். நேரத்தையும் அடுத்த அசைவையும் குரலிலேயே சொல்லிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. குரல் ஆங்கிலத்தில் இருந்து வேகமாகப் போனால், அந்தப் பயிற்சியை முதலில் நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒரு முறை முழுவதும் பார்த்துவிட்டுப் பிறகு செய்யுங்கள்.

மூன்றாம் மாலை, இணையத்தை நிறுத்திவிட்டு முயன்று பாருங்கள். இறக்கி வைத்துக்கொண்ட காணொளி இணையமில்லாமல் ஓடினால், சிக்னல் விட்டு விட்டு வரும் ஊரில் அது பெரிய வசதி.

பெயரைச் சொல்லுங்கள் என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. மத்திய அரசு 2021 ஆகஸ்ட் 29 அன்று வெளியிட்ட ஃபிட் இந்தியா செயலி இலவசமானது. வயதுக்கேற்ற எளிய சோதனைகள் மூலம் உங்கள் உடல் தகுதியை நீங்களே அளந்து பார்க்க அதில் வழி உண்டு. தொடங்கும் நாளின் அளவைக் குறித்துக்கொள்வதற்கு அதை வைத்துக்கொள்ளலாம். ஏழு நிமிடப் பயிற்சி என்ற பெயரில் கிடைக்கும் எண்ணற்ற செயலிகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. இவற்றுக்கு மூலம் 2013இல் அமெரிக்காவில் ஓர் உடற்பயிற்சி இதழில் வந்த கட்டுரை. 12 பயிற்சிகள், ஒவ்வொன்றும் 30 நொடி, இடையில் 10 நொடி ஓய்வு, ஒரு சுவரும் ஒரு நாற்காலியும் போதும் என்பது அதன் அமைப்பு. அந்தச் சுற்றை இரண்டு மூன்று முறை திரும்பச் செய்யலாம் என்று அதை எழுதியவர்களே சொல்லியிருக்கிறார்கள். பெயரில் மட்டும் ஏழு நிமிடம் நின்றுவிட்டது. தவிர, அது குதிப்பதிலேயே தொடங்குகிறது, நடுவில் நாற்காலி மீது ஏறி இறங்கவும் சொல்கிறது. பல ஆண்டுகள் பயிற்சியில்லாமல் இருந்த ஒருவர் முதல் நாளே எடுத்துச் செய்யத் தக்கதல்ல. அதற்கு இரண்டு மூன்று மாதம் கழித்து வாருங்கள்.

கேள்வி: ஏழு நாள் இலவசம் என்று போட்டிருந்ததால் ஓர் உடற்பயிற்சிச் செயலியை இறக்கினேன். பிடிக்கவில்லை, ஐந்தாம் நாளே கைப்பேசியிலிருந்து நீக்கிவிட்டேன். பிறகு வங்கிக் கணக்கிலிருந்து ஓர் ஆண்டுச் சந்தா 2,999 ரூபாய் போய்விட்டது. பணம் திரும்பக் கிடைக்குமா?
(பின்னலாடை நிறுவன ஊழியர், திருப்பூர்)

பதில்: செயலியை நீக்குவது வேறு, சந்தாவை ரத்து செய்வது வேறு. கைப்பேசியில் அந்தப் படம் மறைந்துவிட்டாலும் நீங்கள் முதல் நாள் கொடுத்த ஒப்புதல் உயிரோடுதான் இருக்கும். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் ப்ளே ஸ்டோரைத் திறந்து, மேலே வலப்பக்கம் உள்ள உங்கள் படத்தைத் தொட்டு, கட்டணங்களும் சந்தாக்களும் என்ற பகுதிக்குப் போனால் நடப்பில் உள்ள சந்தாக்கள் தெரியும். ஐபோனில் அமைப்புகளில் உங்கள் பெயரைத் தொட்டால் சந்தாப் பட்டியல் வரும். அங்கே ரத்து செய்தால்தான் அடுத்த ஆண்டு பிடிக்காது. யுபிஐ ஆட்டோபே வழியாக ஒப்புதல் கொடுத்திருந்தால், நீங்கள் பயன்படுத்தும் யுபிஐ செயலிக்குள்ளும் போய் அதே பெயரில் ஒப்புதல் இருக்கிறதா என்று பார்த்து அதையும் நீக்குங்கள்.

போன பணத்தைப் பொறுத்தவரை, ப்ளே ஸ்டோர் வழியாகப் பிடிக்கப்பட்டிருந்தால் 48 மணி நேரத்துக்குள் கூகுளிடமே திரும்பக் கேட்க முடியும். அந்த நேரம் கடந்திருந்தால் செயலியை நடத்தும் நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள். தானாகப் பிடிக்கப்படும் தொகைக்கு 24 மணி நேரம் முன்பாகவே தகவல் அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்தக் குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ உங்களுக்கு வந்ததா என்று தேடிப் பாருங்கள். வரவில்லை என்றால் வங்கியிடம் புகார் செய்ய அதுவே காரணம். ரத்து செய்யும் வழியை மறைத்து வைத்துச் சந்தாவில் சிக்கவைப்பதை, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட விதிமுறைகள் தவறான வணிக முறைகளில் ஒன்றாகவே சேர்த்திருக்கின்றன. உங்கள் செயலியில் அப்படி நடந்திருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தெரிவிக்கலாம். 2,999 ரூபாய் ஒரு தொழிலாளிக்குச் சிறிய தொகை அல்ல, தயங்காமல் கேளுங்கள்.

அடுத்த முறை இலவசக் காலத்தைத் தொடங்கிய அன்றே சந்தாவை ரத்து செய்துவிடுங்கள். ப்ளே ஸ்டோரில் பொதுவாக அப்படிச் செய்தாலும் மீதி நாட்களுக்குப் பயன்படுத்த விடுவார்கள். ஆண்டுச் சந்தாவில் மாதக் கணக்குக் குறைவாகத் தெரிந்தாலும், மூன்று மாதம் விடாமல் செய்த பிறகுதான் அதைப் பற்றி யோசிக்க வேண்டும் என்பது என் கருத்து.

கேள்வி: அரை மணி நேரப் பயிற்சிக்கு 420 கலோரி எரிந்ததாக என் கைக்கடிகாரமும் செயலியும் காட்டுகின்றன. அதை நம்பி இரவில் கூடுதலாக இரண்டு தோசை சாப்பிடலாமா?
(கல்லூரி மாணவர், மதுரை)

பதில்: தோசை பசித்தால் சாப்பிடுங்கள், அந்த எண்ணை நம்பிச் சாப்பிட வேண்டாம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 2017இல் ஏழு வகைக் கைப்பட்டைகளைச் சோதித்துப் பார்த்தபோது, இதயத் துடிப்பை அவற்றில் ஆறு ஓரளவு சரியாகவே சொல்லின. கலோரிக் கணக்கிலோ இருப்பதில் சிறந்ததே சராசரியாக 27 விழுக்காடு பிசகியது, மோசமானது 93 விழுக்காடு பிசகியது. பட்டை இல்லாமல் கைப்பேசிச் செயலி மட்டும் சொல்லும் கலோரி, உங்கள் வயதையும் எடையையும் பயிற்சியின் பெயரையும் வைத்துப் போடும் உத்தேசக் கணக்கு. நீங்கள் முழு மூச்சாகச் செய்தீர்களா, பாதியில் நின்றீர்களா என்பது அதற்குத் தெரியாது. உழைப்பை அளக்க எளிய வழி உங்கள் மூச்சுதான். பயிற்சியின்போது பேச முடிந்து, பாட முடியாமல் இருந்தால் அது மிதமான வேகம். நாலு சொல்லுக்கு மேல் பேச மூச்சு வரவில்லை என்றால் அது கடும் வேகம்.

கேள்வி: நான் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். அப்பாவுக்கு 69 வயது, அம்மாவுடன் கும்பகோணத்தில் இருக்கிறார். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். முழங்கால் வலியால் நடப்பது குறைந்துவிட்டது. நல்ல கட்டணச் செயலி ஒன்றை அவர் கைப்பேசியில் போட்டுக்கொடுக்க நினைக்கிறேன். எது சிறந்தது?
(மென்பொருள் பொறியாளர், சிங்கப்பூர்)

பதில்: தம்பி, பெற்றோரை இவ்வளவு தொலைவிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பதே எனக்கு மகிழ்ச்சி. ஆனால் அந்தப் பணத்தைக் கட்ட வேண்டாம் என்றுதான் சொல்வேன். முதல் பதிலில் செயலிக்குக் கண் இல்லை என்று எழுதினேன். 69 வயதில், முழங்கால் வலியோடு இருப்பவருக்கு அந்தக் குறை பெரிது. உங்களுக்குக் கண் இருக்கிறது. சிங்கப்பூர் நேரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. அவருக்கு மாலை ஐந்தரை மணி என்றால் உங்களுக்கு இரவு எட்டு மணி. வாரத்தில் மூன்று நாள் அந்த நேரத்தில் காணொளி அழைப்பில் வந்து, பதினைந்து நிமிடம் அவரோடு நீங்களும் செய்யுங்கள். கட்டணச் செயலியில் கிடைக்காத கவனிப்பு இதில் கிடைக்கும்.

நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதில் தொடங்குங்கள். கைப்பிடி இல்லாத, நேரான முதுகுள்ள மர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், டைல்ஸ் தரையில் பின்னால் சறுக்கும். அம்மா பக்கத்தில் நிற்கட்டும். அப்பா இரண்டு கைகளையும் மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 நொடிக்குள் எத்தனை முறை முழுவதும் எழுந்து உட்காருகிறார் என்று எண்ணுங்கள். 65 முதல் 69 வயதுள்ள ஆண்களுக்கு 12க்குக் கீழே வந்தால் கால் வலுக் குறைவு, விழும் அபாயம் உண்டு என்று முதியோர் விழாமல் காப்பதற்கான அமெரிக்க அரசின் சோதனை முறை சொல்கிறது. கையை ஊன்றாமல் எழவே முடியவில்லை என்றால் அதை மருத்துவரிடம் தெரிவியுங்கள். இயன்முறை மருத்துவர் ஒருவரை ஒரு முறை வீட்டுக்கு அழைத்துக் காட்டுவது அப்போது அவசியம். எழ முடிகிறவர் என்றால் ஐந்தைந்தாக, நடுவில் ஓய்வு விட்டு, வாரம் ஒன்றிரண்டு கூட்டிக்கொண்டே போகலாம். அதன் பிறகு சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் பத்து நொடி நிற்பது. 65 வயதைக் கடந்தவர்கள் தசை வலுவோடு சமநிலைப் பயிற்சியும் வாரத்தில் மூன்று நாளாவது செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் தனியாகவே வலியுறுத்துகிறது.

சர்க்கரைக்கு அவர் சாப்பிடும் மாத்திரையின் பெயரைப் பாருங்கள். கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு போன்றவை இருந்தாலும், இன்சுலின் போட்டாலும், பயிற்சியின்போது சர்க்கரை தாழ்ந்துபோக வாய்ப்புண்டு. தொடங்கும் முன் சோதித்து, 90க்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழமாவது சாப்பிட்ட பிறகு தொடங்கட்டும். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் வெறுங்காலோடு செய்ய வேண்டாம். நெஞ்சில் இறுக்கம், தலைசுற்றல், வழக்கத்தை மீறிய மூச்சுத்திணறல் ஆகியவற்றில் எது வந்தாலும் அப்போதே நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இதையெல்லாம் மீறி ஒரு செயலி வேண்டும் என்று அவரே கேட்டால், நாற்காலியில் அமர்ந்து செய்யும் பயிற்சிகள் உள்ளதாக, எழுத்துப் பெரிதாக, விளம்பரமே வராததாகப் பாருங்கள். பயிற்சியின் நடுவே முளைக்கும் விளம்பரத்தை மூடுவதற்காகக் குனிந்து கைப்பேசியைத் தேடும் அந்த நேரத்தில் தடுமாறி விழலாம். வீட்டுத் தொலைக்காட்சியில் ஓடவிட முடிந்தால் நல்லது.

கேள்வி: சென்னையில் இரண்டாம் மாடியில் குடியிருக்கிறேன். காலை ஐந்தரை மணிக்குச் செயலியைப் பார்த்துக் குதித்தால் கீழ் வீட்டார் சண்டைக்கு வருகிறார்கள். என்ன செய்வது?
(இல்லத்தரசி, சென்னை)

பதில்: அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. செயலியின் தேடல் பெட்டியில் அதிர்வு குறைந்த பயிற்சி என்ற பொருளில் லோ இம்பாக்ட் என்றோ, குதிக்காத பயிற்சி என்ற பொருளில் நோ ஜம்பிங் என்றோ தேடுங்கள். நல்ல செயலிகளில் அதற்கென்று தனிப் பிரிவே இருக்கும். ஒரு கால் எப்போதும் தரையில் இருக்கும்படி, நின்ற இடத்திலேயே முழங்காலை உயர்த்தி நடப்பதாலும் இதயத் துடிப்பு நன்றாக ஏறும். மாடிப்படியில் ஏறி இறங்குவது இன்னும் மேல், உங்களுக்கு அது வாசலிலேயே இருக்கிறது. மெல்லிய யோகா பாய் வழுக்காமல் காக்குமே தவிர, குதிக்கும் அதிர்வைத் தாங்காது.

கேள்வி: உடற்பயிற்சிச் செயலி ஒன்று என் தொடர்பு எண்கள், இருப்பிடம், மாதவிடாய் நாட்கள் என எல்லாவற்றையும் கேட்கிறது. கொடுக்காவிட்டால் வேலை செய்யாதா?
(வங்கி ஊழியர், கோயம்புத்தூர்)

பதில்: வீட்டுக்குள் பாய் விரித்துச் செய்யும் பயிற்சிக்கு உங்கள் இருப்பிடமும் தேவையில்லை, தொடர்பு எண்களும் தேவையில்லை. மறுத்துவிட்டுப் பாருங்கள், பெரும்பாலான செயலிகள் இயங்கும். மறுத்தால் திறக்கவே மாட்டேன் என்று சொல்லும் செயலியை விட்டுவிடுங்கள். வெளியில் ஓடுகிறவர்களுக்குத் தூரத்தைக் கணக்கிட இருப்பிடம் வேண்டும்தான்; அப்போதும் செயலியைப் பயன்படுத்தும்போது மட்டும் என்று அனுமதி கொடுக்க வேண்டும், ஓடும் பாதையைப் பிறர் பார்க்காதபடி மூடி வைக்க வேண்டும். ஸ்ட்ராவா என்ற ஓட்டச் செயலி, தன் பயனர்கள் ஓடிய பாதைகளையெல்லாம் பெயரில்லாமல் திரட்டி ஓர் உலக வரைபடமாக வெளியிட்டிருந்தது. அதில் வெளிநாட்டுப் பாலைவனங்களில் இருந்த ராணுவ முகாம்களின் வடிவம் அங்கே ஓடிய வீரர்களின் தடங்களால் தெரிந்துபோனது 2018 ஜனவரியில் உலகச் செய்தியானது. ராணுவத்தின் இருப்பிடமே அப்படித் தெரியும்போது, தினமும் ஒரே நேரத்தில் ஒரே வாசலிலிருந்து கிளம்பும் ஒரு பெண்ணின் தடம் தெரிவதற்கு எவ்வளவு நேரமாகும்?

மாதவிடாய் நாட்களைப் பொறுத்தவரை, அதற்கேற்பப் பயிற்சியைக் குறைத்துக்கொள்ள விரும்பினால் ஒரு நாட்குறிப்பில் எழுதி வைத்துக்கொண்டு, அந்த நாட்களில் எளிய பயிற்சியை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். ப்ளே ஸ்டோரில் ஒவ்வொரு செயலியின் பக்கத்திலும் தரவுப் பாதுகாப்பு என்று ஒரு பகுதி உண்டு. உங்கள் உடல்நலத் தகவலை மற்ற நிறுவனங்களோடு பகிர்கிறார்களா, கேட்டால் அழிப்பார்களா என்று நிறுவனமே அங்கே அறிவித்திருக்கும். இறக்குவதற்கு முன் அதைப் படிக்க ஒரு நிமிடம் போதும். கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறவும், தரவை அழிக்கச் சொல்லவும் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. ஒரு செயலி வேண்டாம் என்று முடிவு செய்தால், முதலில் உள்ளே போய்க் கணக்கை அழிக்கும் வழியைத் தேடி அதை முடித்துவிட்டு, சந்தா இருந்தால் அதையும் ரத்து செய்துவிட்டு, அதன் பிறகே கைப்பேசியிலிருந்து நீக்குங்கள்.